வலை என்று விலகிய படகுகள்

சென்ற ஆண்டு தை மாதத்தில் ஒரு காலை, பூவார் கடலில் நடந்தது இது. எனக்கு ஊர் பாறசாலைக்குப் பக்கம். மஸ்கட்டில் நர்ஸாக இருந்தபோது, விடுமுறை நாட்களின் தனிமை தாங்காமல் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொண்டேன். வேலையை விட்டு ஊருக்கு வந்தால் இங்கே அதைவிடத் தனிமை. அம்மா, அப்பா இல்லை. பேச்சுத்துணைக்கு டிவி மட்டும். ஆகவே, தெரிந்த ஒருவரின் படகில் போய்க் கடலில் இறங்கத் தொடங்கினேன். தனியாக இறங்கக்கூடாது என்பதுதான் இதில் முதல் பாடம். துணைக்கு நான் எங்கே போவேன்?

நீருக்கடியில் இருக்கும் ஆள் எங்கே என்று மேலே காட்ட ஒரு மிதவை உண்டு. அதைக் கயிற்றில் கட்டி, கயிற்றைச் சின்ன உருளையில் சுற்றிக் கையில் பிடித்திருப்போம். என் பழைய கயிறு நைந்திருந்தது, மிதவையிலும் ஓட்டை. ஆன்லைனில் வாங்கப் பொறுமை ஏது? வலைச்சாமான் கடைக்குப் போனேன். மெல்லிய கயிறு விரலை அறுக்கும். தடித்ததோ உருளையில் அடங்காது. கடைக்காரர் முகம் சுளிக்கும்வரை இழுத்து இழுத்துப் பார்த்து, நடுத்தரமான நைலான் பின்னல் கயிறும் அகலமான உருளையும் எடுத்தேன். மிதவையைப் பற்றி மட்டும் யோசிக்கவே இல்லை. அங்கே தொங்கிய வெள்ளை மிதவைகளில் ஒன்றை வாங்கிக் கட்டிவிட்டேன்.

அன்று காலை கடலுக்கடியில் கயிறும் உருளையும் சொன்னபடி கேட்டன. மேலே வந்து பார்த்தால் நான் வந்த படகைக் காணோம். சுற்றிலும் மீனவர்களின் வலை மிதவைகள், எல்லாம் என்னுடையதைப் போலவே வெள்ளை. நீரோட்டம் என்னை இழுத்துப் போக, படகுக்காரர் என்னுடையது என்று நினைத்து யாருடைய வலை மிதவைக்கோ காவல் இருந்திருக்கிறார்.

ஒரு படகு வந்தது. அப்பாடா என்றிருந்தது. அது மிதவையைக் கண்டதும் அகலமாக ஒதுங்கிப் போய்விட்டது. அடுத்து வந்ததும் அப்படியே. கத்தியிருக்கலாம்தான். சிரிக்காதீர்கள், கூச்சமாக இருந்தது. யாரையும் எதற்கும் கூப்பிட்டுப் பழக்கமில்லை எனக்கு. கரை தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. நான் வரவில்லையே என்று தேடக்கூட வீட்டில் ஆளில்லை என்று தோன்றியதும் அழுகை வந்துவிட்டது.

இன்னொரு படகைக் கண்டதும் கயிற்றைச் சுற்றியெடுத்து, மிதவையைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டி, “அண்ணா, அண்ணா” என்று தொண்டை கிழியக் கத்தினேன். விலகத் தொடங்கிய படகு திரும்பியது.

“எம்மா, ஆளாக்கும்!” என்று கை கொடுத்துத் தூக்கினார் ஒருவர். “வேற ஆளுக்க வலையாக்கும்னு நினைச்சில்லா எல்லாரும் விலகிப் போறோம். எஞ்சின் பட்டா வலை போச்சு. ஒண்ணு விளிச்சிருக்கப்பிடாதா மக்களே?”

பாலில்லாத கட்டன்சாயா கொடுத்துக் கரை சேர்த்தார்கள்.

இப்போது ஆரஞ்சு மிதவைதான் கட்டுகிறேன். தனிமை ஒன்றும் ஓடிப்போய்விடவில்லை. ஆனால் பக்கத்து வீட்டு அக்கா வாசலைக் கடக்கும்போது நானே முதலில் கூப்பிடுகிறேன். தொந்தரவு செய்யக்கூடாதென்று விலகிப் போகிறவர்களை, அன்பில்லாதவர்கள் என்று எத்தனை காலம் நினைத்திருந்தேன் என்பது இன்றும் மனதை அறுக்கிறது.