பவித்ரா படித்த பாஷை

போன மாதம் எனக்கு ஹெர்னியா ஆபரேஷன். சின்ன விஷயம்தான். ஆனால் பின்பக்கம் முடிச்சுப் போடுகிற அந்த ஆஸ்பத்திரி கவுனை மாட்டிய நிமிடத்தில், ஒரு மனுஷனுக்கு இருக்கிற கொஞ்சநஞ்ச கம்பீரமும் காணாமல் போய்விடுகிறது. அந்தக் கோலத்தில் இருக்கும்போது தெரிந்தவர் யாராவது எதிரே வந்து நின்றால்...?

வந்து நின்றாள்.

"அங்கிள்! நீங்களா?"

பவித்ரா. பொழிச்சலூர்ப் பெண். பம்மல் மெயின் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் எத்திராஜின் ஒரே மகள். கழுத்தில் ஐடி கார்டு, கையில் ஃபைல். நான் அவசரமாகப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டேன்.

"நீ இங்க என்னம்மா பண்றே?"

"வேலை பார்க்கறேன் அங்கிள். இன்டர்ப்ரெட்டர். எங்க ஃபாரின் வார்டு ஃபுல். அதான் ஒரு பேஷன்ட்டை உங்க ரூம்ல போட்டிருக்காங்க."

இரண்டு கட்டில் போட்ட அறை அது. நடுவில் ஒரு திரை. அந்தப் பக்கத்துக் கட்டிலில் யார் இருக்கிறார் என்று நான் காலையிலிருந்தே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன் — காதில் விழுகிற பாஷை எதுவென்றே தெரியவில்லை!

இந்த இடத்தில் ஒரு பழைய பாவத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பவித்ரா பிளஸ் டூ முடித்த சமயம். குழாய்க்கு வாஷர் வாங்க எத்திராஜ் கடைக்குப் போயிருந்தேன். என்னைப் பார்த்ததும் அவர் கல்லாவை விட்டே எழுந்து வந்தார்.

"சார், நீங்க பேப்பர்ல எழுதுறவரு. இந்தப் பொண்ணுக்கு நீங்களாச்சும் சொல்லுங்க. பி.காம் சேந்துக்கினு அப்டியே சி.ஏ. பண்ணும்மான்னா, ரஷ்யன் படிக்கப் போறேன்னு ஒத்தக் கால்ல நிக்குது. இன்னா சார் பேஜாரு இது?"

ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணியே பழகிய வாய் ஆயிற்றே... சும்மா இருக்குமா?

"ரஷ்யன் படிச்சு யார்கிட்டம்மா பேசப் போறே? பல்லாவரம் சந்தையிலயா?" என்றேன்.

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். பவித்ரா சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. "அந்த ஊர்க்காரங்ககிட்ட அங்கிள்" என்று மட்டும் சொல்லிவிட்டு, எனக்கு வாஷரை எடுத்துக் கொடுத்தாள்.

அப்புறம் அவள் டெல்லிக்குப் போனாள். பி.ஏ. ரஷ்யன். அதன்பிறகு எம்.ஏ. — ரஷ்யாவோடு நிற்காமல் உக்ரைன், ஜார்ஜியா, கஜகஸ்தான், கிர்கிஸ்தான் என்று அந்தப் பக்கம் முழுவதன் மொழி, சரித்திரம், அரசியல் எல்லாம் படிக்கிற யூரேசிய ஆய்வுகள். எத்திராஜ் கடையில் யாராவது "பொண்ணு என்ன படிக்குது?" என்று கேட்டால், அவர் "டெல்லில படிக்குது" என்று ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்வார்.

சரி, கட்டிலுக்கு வருவோம்.

பக்கத்துக் கட்டில்காரர் பெயர் அசன்பெக். அறுபது தாண்டியவர். கிர்கிஸ்தானின் மலைப்பகுதியில் குதிரையும் ஆடும் வளர்க்கிறவர். இடுப்பு மூட்டு தேய்ந்துபோய், மாற்றுவதற்காக வந்திருந்தார். கூடவே அக்கா மகன் திமுர் — தலைநகரத்தில் பிறந்து வளர்ந்த, கம்ப்யூட்டர் கம்பெனி இளைஞன்.

மதியம் இரண்டே முக்கால். என் மனைவி கேன்டீனுக்குப் போயிருந்தாள். பவித்ரா திரையை விலக்கிக்கொண்டு வந்து தன் போனை என் கையில் கொடுத்தாள்.

"அங்கிள், ஒரு ஹெல்ப். மூணு மணிக்கு எனக்கு ஆன்லைன்ல இன்டர்வியூ. மயக்க மருந்து டாக்டர் இப்பத்தான் வர்றாங்க. பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும். லிங்க் திறந்து வெச்சிருக்கேன், அவங்க உள்ள விட்டா எனக்குக் குரல் கொடுங்க."

"என்ன இன்டர்வியூ?"

"பிஎச்.டி. ஃபெல்லோஷிப். ஐரோப்பால ஒரு யுனிவர்சிட்டி. முதல் வருஷம் கிர்கிஸ்தான்ல தங்கி மொழி படிக்கணும், அப்புறம் ரிசர்ச். ரெண்டு வருஷமா அப்ளை பண்றேன் அங்கிள். இப்பத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கு."

டாக்டர் வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி. கையில் நீளமான படிவம். திரை பாதி திறந்தே இருந்ததால், எல்லாம் எனக்குத் தெரிந்தது.

டாக்டர் இங்கிலீஷில் கேட்பார். பவித்ரா அதை ரஷ்யனில் திமுரிடம் சொல்வாள். திமுர் கிர்கிஸில் மாமாவிடம் சொல்வான். மாமாவுக்கு ரஷ்யன் நாலு வார்த்தைக்கு மேல் ஓடாது. அவர் பதில் அதே வழியாகத் திரும்பி வரும் — கேளம்பாக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கு மூன்று பஸ் மாறி வருகிற மாதிரி.

சர்க்கரை உண்டா?

"ஜோக்" என்றார் அசன்பெக்.

இளைப்பு?

"ஜோக்."

ஆஸ்பத்திரியில் என்ன ஜோக் வேண்டிக்கிடக்கிறது என்று நினைத்தேன். கிர்கிஸில் 'ஜோக்' என்றால் 'இல்லை' என்று பவித்ரா பிறகு சொன்னாள்.

மருந்து எதற்காவது அலர்ஜி?

"ஜோக்" என்றார். ஆனால் இந்த முறை அதோடு நிறுத்தவில்லை. கையை ஆட்டி ஆட்டி ஒரு நிமிடம் பேசினார். திமுர் சிரித்தான். பவித்ராவிடம் ரஷ்யனில் ஒரே ஒரு சொல் சொன்னான்.

டாக்டர் டிக் போடப் பேனாவைக் கொண்டுபோனார்.

"டாக்டர், ஒரு நிமிஷம்" என்றாள் பவித்ரா, இங்கிலீஷில். "அவர் இவ்வளவு நேரம் பேசினார். திமுர் வெறும் 'இல்லை'ன்னு சொல்றார். நடுவுல ஊசின்னு ஒரு வார்த்தை வந்த மாதிரி இருந்துச்சு."

"அது அவர் எப்பவும் சொல்ற பழைய குதிரைக் கதை" என்றான் திமுர் தடுமாறும் இங்கிலீஷில். "சின்ன வயசுலேருந்து கேட்டுட்டேன்."

"இன்னும் ஆறு பேஷன்ட் இருக்காங்க பவித்ரா" என்றார் டாக்டர்.

"தெரியும் டாக்டர். என் கிர்கிஸ் அரைகுறைதான். நேரா அவர்கிட்டயே கேட்டுச் சொல்லிடறேன்."

ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, பெரியவரின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள். சுவர்க் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தாள். மூன்றாக இரண்டு நிமிடம். அதன்பிறகு பார்க்கவில்லை.

அவள் கேட்டாள். அவர் முதலில் ஆச்சரியப்பட்டார், பிறகு சிரித்தார், பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்ல ஆரம்பித்தார். அவளுக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டாள். மறுபடியும். அவர் தன் தொண்டையைப் பிடித்துக் காட்டினார். கன்னத்தை உப்பிக் காட்டினார்.

அந்த நேரம் பார்த்து என் கையிலிருந்த போன் உயிர் பெற்றது!

திரையில் மூன்று முகங்கள். இரண்டு பெண்கள், ஒரு ஆண். கீழே ஓரத்தில் நாலாவதாக ஒரு முகம் — கழுத்துவரை போர்வை, நாலு நாள் தாடி. அட, நான்தான்.

"பவித்ரா!" என்று குரல் கொடுத்தேன். அவள் திரும்பாமலே உள்ளங்கையை உயர்த்திக் காட்டினாள். இரு என்கிற மாதிரி.

என்ன செய்வது? வருஷக்கணக்காக எத்தனை மேடையில் பேசியிருக்கிறேன்... அன்று வாயில் வந்தது இவ்வளவுதான்:

"குட் ஆஃப்டர்நூன். ஐ ஆம் நாட் பவித்ரா."

"அது தெரிகிறது" என்றார் நடுவில் இருந்த அம்மையார், இங்கிலீஷில். முகத்தில் சிரிப்பில்லை. "அவர் எங்கே?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லிவிட்டால்? ஆனால் அந்தப் பக்கம் ஸ்டூலில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்த விதம் என்னைப் பொய் சொல்ல விடவில்லை. நான் ஒரு நோயாளி என்று சொன்னேன். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு நாளைக்கு ஆபரேஷன், அவர் சொன்ன ஏதோ ஒன்று மொழிபெயர்ப்பில் விட்டுப்போனதாக அவள் சந்தேகப்படுகிறாள், அதைக் கேட்டு முடிக்காமல் எழுந்திருக்க மாட்டாள் என்று தோன்றுகிறது — இதையெல்லாம் என் இங்கிலீஷுக்கு எட்டியவரை சொன்னேன்.

மூவரும் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள்.

"இன்னொருவர் காத்திருக்கிறார். அவரை முதலில் பார்க்கிறோம்" என்றார் அம்மையார். "அரை மணி கழித்து இதே லிங்கில் வரச் சொல்லுங்கள்."

போன் அணைந்தது.

அங்கே பவித்ரா எழுந்து நின்று டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அசன்பெக்குக்கு இளம் வயதில், பனிக்காலத்தில் கடும் காய்ச்சல். கிராமத்து சுகாதார ஊழியர் ஊசி போட்டிருக்கிறார். போட்ட கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, முகம் வீங்கி, தொண்டை அடைத்துவிட்டது. குதிரையில் போட்டுக் கட்டித்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். அதன்பிறகு ஊசி என்றாலே அவர் மலையேறிவிடுவார். அவரைப் பொறுத்தவரை அலர்ஜி என்பது பூ பூக்கிற காலத்தில் தும்மல் வருவது. அதனால்தான் அலர்ஜி 'இல்லை'!

டாக்டர் பேனாவை மூடினார். "என்ன ஊசின்னு சொன்னாரா?"

"பேரு தெரியாதாம் டாக்டர். வெள்ளைப் பவுடர்ல தண்ணி கலந்து போட்டாங்களாம்."

"பென்சிலினா இருக்கலாம்... அதே வகை மருந்தைத்தான் நாளைக்குக் காலையில போடறதா இருந்தோம்" என்றார் டாக்டர், மெதுவாக. பையிலிருந்து சிவப்புப் பேனா எடுத்து, ஃபைலின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினார். பிறகு பவித்ராவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

திமுர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். முகம் வெளுத்திருந்தது. அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வீட்டில் பேசுகிற பாஷையை அரைகுறையாகத் தெரிந்துகொண்டு, பெரியவர்கள் கதையைப் பாதிக் காதால் கேட்டு வளர்கிற பிள்ளைகள் நம் வீட்டில் இல்லையா என்ன?

அம்மையார் சொன்னதைச் சொல்லி, போனைப் பவித்ராவிடம் கொடுத்தேன். இன்டர்வியூவை அவள் மாடிப்படி வளைவில் நின்றபடியே கொடுத்தாளாம்.

மறுநாள் சாயங்காலம் என்னைப் பார்க்க வந்தாள். எனக்கும் ஆபரேஷன் முடிந்திருந்தது. அசன்பெக்குக்கும் முடிந்து, ஐ.சி.யூ.வில் கண் விழித்து டீ கேட்டாராம்.

"இன்டர்வியூ எப்படிம்மா?"

"தெரியல அங்கிள். கிர்கிஸ் எவ்வளவு தெரியும்னு கேட்டாங்க. நேத்து அவர் சொன்னதுல பாதிதான் புரிஞ்சுது, மூணு தடவை கேட்க வேண்டியிருந்துச்சு, அதனாலதான் படிக்கணும்னு சொன்னேன்."

"ரஷ்யன் தெரியுதே... அது போதாதா?"

"டாக்டர் கேக்கறதெல்லாம் ரஷ்யன்ல சொல்லிடலாம். ஆனா அந்தப் பக்கம் எல்லா ஊருக்கும் ரஷ்யன் போதும்னு நினைக்கறது, தமிழ்நாட்டுக்கு வந்து இந்தி போதும்னு நினைக்கற மாதிரி அங்கிள்."

தையல் போட்ட வயிறு. சிரிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சிரித்துவிட்டேன்.

கூடப் படித்தவர்கள் எல்லாம் என்ன செய்கிறார்கள் என்று விசாரித்தேன். கேட்கக் கேட்க எனக்குத்தான் புதுப்புது ஜன்னலாகத் திறந்தது. ஒருத்தி சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துத் தொழிற்சாலையில் மெஷின் மேனுவல்களை மொழிபெயர்க்கிறாள், ரஷ்யாவிலிருந்து இன்ஜினீயர்கள் வந்தால் கூடவே நிற்கிறாள். ஒருவன் காட்டாங்குளத்தூரில் வகுப்பு எடுக்கிறான். ஒருவன் கோவாவில் டூரிஸ்ட்டுகளோடு சுற்றுகிறான். ஒருத்தி படங்களுக்கு சப்டைட்டில் எழுதுகிறாள். இன்னொருத்தி அந்த நாட்டுச் செய்திகளை எல்லாம் படித்து அலசிச் சொல்கிற ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிறாள். பவித்ராவே ஞாயிற்றுக்கிழமைகளில், டாக்டருக்குப் படிக்க அந்த ஊர்களுக்குப் போகிற பிள்ளைகளுக்குத் தாம்பரத்தில் ரஷ்யன் சொல்லித் தருகிறாள்.

"அப்போ எல்லாருக்கும் வேலை கிடைச்சிடுதா?"

"இல்ல அங்கிள். ரெண்டு பேர் விட்டுட்டு பேங்க் எக்ஸாம் எழுதிப் போயிட்டாங்க. எனக்கே முதல் ஒரு வருஷம் ஒண்ணும் அமையல. ரஷ்யன் மட்டும் தெரிஞ்சா கஷ்டம். அதோட மருத்துவமோ, சட்டமோ, இன்னொரு மொழியோ... ஏதாவது ஒண்ணு சேர்ந்து வேணும். படிக்கலாமான்னு கேக்கறவங்ககிட்ட இதையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

சர்வரோக நிவாரணி மாதிரி எல்லாப் படிப்பையும் விற்கிற இந்தக் காலத்தில், தன் படிப்பைப் பற்றி இப்படி அளந்து பேசுகிற பெண்ணை நான் பார்த்ததில்லை. நேற்று வெள்ளைப் பவுடர் என்றாளே தவிர, மருந்தின் பெயரை அவளாக ஊகித்துச் சொல்லவில்லை என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்வது... இதை எந்த யுனிவர்சிட்டியில் சொல்லித் தருகிறார்கள்?

அசன்பெக் வாக்கர் பிடித்து வராந்தா முழுக்க நடக்க ஆரம்பித்த அன்று, தையல் பிரிக்க நானும் போயிருந்தேன். லிஃப்ட் வாசலில் அவர் பவித்ராவிடம் ஏதோ சொல்ல, அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்னவாம்?"

"நான் பேசற கிர்கிஸ் நாலு வயசுக் குழந்தை பேசற மாதிரி இருக்காம். ஊருக்கு வந்தா அவர் பேத்தியோட உட்கார வெச்சு, அஞ்சு வயசு ஆக்கி அனுப்பறேன்னு சொல்றார்."

போன வாரம் முடிவு வந்துவிட்டது. ஃபெல்லோஷிப் கிடைத்துவிட்டது! அடுத்த மாதமே கிளம்புகிறாள்.

செய்தி தெரிந்ததும் எத்திராஜ் கடைக்குப் போனேன். கல்லாவுக்குப் பின்னால், பெயின்ட் கம்பெனி காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு உலக மேப் ஒட்டியிருந்தது. அதில் ஒரு சின்ன நாட்டைச் சுற்றி மார்க்கரால் வட்டம். சாமான் வாங்க வருகிறவர்கள் கேட்கிறார்களோ இல்லையோ, இவரே கூப்பிட்டுக் காட்டுகிறார்.

"ஒரே பொண்ணு. அவ்வளவு தூரம் அனுப்பறீங்களே, கவலையா இல்லையா எத்திராஜ்?" என்று கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சார் தூரம்? நம்ம வூட்லேந்து ஏர்போர்ட்டு பத்து நிமிசம். மிச்சத்த பிளேன்காரன் பாத்துக்குவான்!"