பெங்களூர் ஆபீஸில் பொள்ளாச்சி பஸ்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் ஆபீஸுக்கு டை கட்டிய இளைஞர் ஒருவர் வந்தார். பாலக்காட்டுப் பக்கம் எங்கள் முதலமடை வெயிலில் டை கட்டிக்கொண்டு வருகிற ஆளை எப்படி நம்புவது, சொல்லுங்கள்? எனக்கு அங்கேயே சந்தேகம் ஆரம்பித்துவிட்டது.

ஆபீஸ் என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள். மாங்காய் பேக்கிங் ஷெட்டின் ஓரத்தில் ஒரு ரூம், ஒரே ஒரு லேண்ட்லைன். நானும் வீட்டுக்காரரும் தோட்டக்காரர்களிடம் காய் எடுத்து வடக்கே லாரியில் அனுப்புகிறோம்.

போன சீசனில் அந்த ஃபோன்தான் எங்களைக் கவிழ்த்தது. டெல்லி வியாபாரி ஒருவர் காலையெல்லாம் கூப்பிட்டிருக்கிறார். லைன் பிஸி... வேறு இடத்தில் வாங்கிக்கொண்டார். எங்கள் சரக்கு ஷெட்டிலேயே பழுத்து அழுகியது. இந்த வருடமும் அப்படி ஆனால் எந்தத் தோட்டக்காரர் எங்களை நம்பிக் காய் தருவார்?

அதனால்தான் இன்டர்நெட் ஃபோன். ஒரே நம்பரில் நாலு பேர் ஒரே நேரத்தில் கூப்பிட்டாலும் பிஸி வராதாம். டை கட்டியவர் – பெயர் தினேஷ் – லேப்டாப்பைத் திறந்து விளக்கினார்.

"எங்க ஹெட் ஆபீஸ் பெங்களூர், மேடம். சப்போர்ட் டீமும் அங்கதான்."

"இன்டர்நெட் போயிருச்சுன்னா?"

"கால் தானா உங்க மொபைலுக்கு வந்துடும், மேடம்."

"நம்பர் யாரு பேர்ல இருக்கும்? நாளைக்கு உங்களோட சண்டை வந்தா புடுங்கிக்குவீங்களா?"

தினேஷ் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். சந்தேகம் வேறு, உபசாரம் வேறு இல்லையா?

"உங்க பேர்லதான், மேடம். வேணும்னா மும்பை நம்பரே வாங்கித் தரேன். இங்க உக்காந்து பேசினாலும் மும்பை ஆபீஸ்னு நினைப்பாங்க."

வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. "நல்லாத்தான இருக்குது? மும்பைன்னா ஒரு மதிப்பு!"

எனக்குச் சுருக்கென்றது. முதலமடையில் உட்கார்ந்து மும்பை நம்பரில் பேசலாம் என்றால்... பெங்களூர் நம்பரில் பேசுகிறவர் எங்கே உட்கார்ந்திருப்பார்?

அவருடைய சப்போர்ட் நம்பரை வாங்கி, அங்கேயே கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். ஒரு பெண் உடனே எடுத்தார்.

"வணக்கம், பெங்களூர் சப்போர்ட் டெஸ்க்..."

அவர் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல். "பொள்ளாச்சி, பொள்ளாச்சி, பொள்ளாச்சீ! ஏறுங்க, ஏறுங்க!" கூடவே ஒரு விசில். பஸ் கிளம்புகிற சத்தம்.

"ஏனுங் தம்பி, பெங்களூர்ல இருந்து பொள்ளாச்சிக்கு டவுன் பஸ் உட்டுட்டாங்களா?" என்றேன்.

தினேஷ் டையைத் தளர்த்தினார். மேடம் போய் அக்கா வந்தது.

"கொழிஞ்சாம்பாறைங்க்கா. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி, மாடியில. போன் எடுத்தது என்ற ஊட்டுக்காரிங்க. மாட்டறது, ரிப்பேரு எல்லாம் நானுங்க. கார்டுல கொழிஞ்சாம்பாறைன்னு போட்டா யாருங்க்கா வாங்கறாங்க? பக்கத்தூருன்னாலே உக்காருன்னு கூடச் சொல்ல மாட்டீங்கறாங்க."

கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது பொய்யா என்ன? பக்கத்து ஊர்க்காரன் சொன்னால் ஆயிரம் கேள்வி கேட்கிறோம். தூரத்து ஊர் பெயரைக் கேட்டதும் தலையாட்டுகிறோம். சந்தேகப்படுவதிலும் நமக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது – கிலோமீட்டர்!

"பொய் சொல்ற ஆளு நமக்கு வேண்டாம்" என்றார் வீட்டுக்காரர். யார்? ஐந்து நிமிடம் முன்னால் மும்பைக்காரராக ஆசைப்பட்டவர்!

நான் வேறு கணக்குப் போட்டேன். சீசன் நடுவில் ஃபோன் செத்தால் பெங்களூர்க்காரனை எங்கே போய்ப் பிடிப்பது? மெயில் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். மாங்காய் காத்திருக்குமா? கொழிஞ்சாம்பாறை என்றால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டலாம்.

அன்று சாயங்காலமே போய் மாடியேறிப் பார்த்தேன். அறை இருந்தது, மனைவி இருந்தார், ஜன்னலுக்குக் கீழே பொள்ளாச்சி பஸ்ஸும் இருந்தது. கையெழுத்துப் போட்டேன் – மும்பை நம்பர் வேண்டாம், முதலமடை நம்பரே போதும் என்று.

ஃபோன் நன்றாகத்தான் வேலை செய்கிறது. இருந்தாலும் தினமும் ஒரு தடவை சப்போர்ட்டுக்குக் கூப்பிடுகிறேன்... பொள்ளாச்சி பஸ் சத்தம் கேட்கிறதா என்று!