படகை அறுத்த நாள்

என் கணவர் படகு வாங்கியதை என்னிடம் சொல்லவில்லை. ஹைதராபாத் குஷாய்குடாவில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்று, நாலு ஆட்கள் நீளமான ஃபைபர் படகு ஒன்றை இறக்கியபோதுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டு பேர் உட்காரலாம். பாய் கட்டி ஓட்டுகிற படகு. யாரோ ஒரு ராணுவ அதிகாரி மாற்றலாகிப் போகும்போது விற்றதாம். கார் நிற்கும் இடத்தில் அதை வைத்தார்கள். கார் தெருவுக்குப் போயிற்று.

"எங்க கொண்டு போய் விடப்போறீங்க?"

"ஹுசேன் சாகர்ல. க்ளப்ல மெம்பர் ஆயிட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

"சொன்னா நீ நக்கோன்னுருப்பே."

உண்மைதான். வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அவர் செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவர். வாலிபத்தில் கடற்படைத் தேர்வுக்குப் போயிருக்கிறார். எல்லாம் தேறி, கண் பரிசோதனையில் சிவப்பும் பச்சையும் பிரித்துச் சொல்லத் தெரியாமல் திரும்பி வந்தார். பிறகு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். கல்யாணமான புதிதில் இந்தக் கதையை என்னிடம் சொன்னபோது, "நல்லவேளை, இல்லேன்னா வருஷம் பூரா கடல்லயே இருந்திருப்பீங்க" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

ஹைதராபாத்தில் பாய்ப்படகுக்கு நல்ல காற்று மழைக்காலத்தில்தான் வரும். ஒரு ஆகஸ்ட் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வற்புறுத்தி என்னையும் கூட்டிப்போனார். எனக்கு நீச்சல் தெரியாது. அது அவருக்கும் தெரியும். லைஃப் ஜாக்கெட்டை இழுத்து மாட்டிவிட்டார். ஏரியின் நடுவில் ஒரே வீச்சாகக் காற்று அடித்தது. பாய் தண்ணீரைத் தொட்டது. நான் உள்ளே விழுந்தேன். வாயெல்லாம் அந்தப் பச்சைத் தண்ணீர். அவர் பேரைச் சொல்லிக் கத்தினேன். அதுவரை அவரை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

"மிதப்பே. சும்மா இரு" என்றார்.

படகைச் சுற்றி நீந்திப் போய், அதன் அடிப்பலகை மேல் ஏறி நின்று, உடம்பைச் சாய்த்துப் படகை நிமிர்த்தினார். நிமிர்ந்ததும் காற்று படகையும் அவரையும் தூரமாக இழுத்துக்கொண்டு போனது. வட்டமடித்துத் திரும்பினார். வரும் வழியில் மிதந்துகொண்டிருந்த துடுப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு, அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தார்.

படகை முதலில் நிமிர்த்துவதுதான் முறை என்று பிற்பாடு விளக்கினார். இருக்கலாம். துடுப்புக்கு என்ன முறை என்று நான் கேட்கவில்லை.

க்ளப் வராந்தாவில் டீ குடிக்கும்போது, நான் கத்தியதை என் குரலிலேயே நண்பர்களுக்கு நடித்துக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். ஈரப் புடவையோடு நானும் சிரித்தேன். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டார்.

இரண்டு வருஷம் கழித்து அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சு நாலைந்து வார்த்தைகளில் நின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், முன்னறை ஜன்னல் பக்கம் கட்டிலைப் போடச் சொல்லி இடது கையால் காட்டினார். அங்கிருந்து, கார் இடத்தில் கிடந்த படகு தெரியும். பயிற்சி கொடுக்க வந்த பெண் அதைக் கவனித்துவிட்டாள். "சார், அடுத்த மழைக்கு போட் விடணும், கையைத் தூக்குங்க" என்பாள். அவர் முகம் சிவக்கத் தூக்குவார். முதலில் விரல் அசைந்தது. அப்புறம் மணிக்கட்டு.

அந்தச் சமயத்தில்தான் க்ளப்பில் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு அம்மாள் போன் செய்தாள். படகைக் கொடுத்தால் நன்றாக வைத்துக்கொள்வோம், ஞாயிற்றுக்கிழமைகளில் சாரை மோட்டார் படகில் உட்காரவைத்து அதைக் காட்டுவோம் என்றாள்.

"ஏற்கெனவே குடுத்தாச்சு" என்றேன்.

மறுநாள் நாச்சாரத்தில் ஃபைபர் வேலை செய்கிற ஒருவரை வரவழைத்தேன். அவர் படகைத் தட்டிப் பார்த்தார்.

"காட்னா கைக்கு அம்மா? எதுக்கு அறுக்கணும்? நல்ல மால். நான் வித்துத் தர்றேன்."

"விக்க வேண்டாம். அறுங்க."

மெஷினைப் போடுவதற்கு முன்னால் உள்ளே வந்து, "தூசி வரும், ஜன்னலைச் சாத்தட்டுமா?" என்று என் கணவரிடம் கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். கடைசித் துண்டுவரை பார்த்தார். கண்ணைத் துடைக்கவில்லை. நான் வெளியே நின்று அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், படகை அல்ல.

சாயங்காலம் என் கைகள் இரண்டும் அரிக்கத் தொடங்கின. ஃபைபர் தூள், கண்ணுக்குத் தெரியாத முள்முள்ளாகத் தோலில் ஏறியிருந்தது. கழுவக் கழுவ அதிகமாயிற்று. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேஜையைக் காட்டினார். தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்தேன். இல்லை, செலோ டேப். கொடுத்தேன். பல்லால் கடித்துக் கிழித்து, என் முன்கையில் ஒட்டி, வெடுக்கென்று உரித்தார். முள் வந்தது. மறுபடி ஒட்டினார். இரண்டு கையும் முடியும்வரை, ஒற்றைக் கையால், முகத்தில் ஒன்றும் இல்லாமல் செய்தார். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அதற்கப்புறம் அவர் கையைத் தூக்கவில்லை. பயிற்சிப் பெண் கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். மூன்றாவது வாரம், இனி வந்து பயனில்லை என்று நின்றுகொண்டாள்.

பெங்களூரிலிருந்து மகள் வந்தாள். காலி இடத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, வேர் இஸ் இட்?" என்றாள். சொன்னேன்.

"வொய்?"

"கார் நிறுத்த இடம் வேணும்."

அப்பா காட்டிய இடத்துக்கு, பின்னறைக்கு, கட்டிலை அவளே தள்ளிக்கொண்டு போனாள். அங்கே ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர்தான்.

இப்போதும் அங்கேதான் இருக்கிறார். மூன்று வேளையும் நான்தான் ஊட்டுகிறேன். ஏன் அறுத்தாய் என்று ஒரு நாள் கேட்பார், அன்றைக்குச் சொல்லலாம் என்று வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். "போதும்" என்று மட்டும் சொல்கிறார். அது அவரிடம் மிச்சமிருக்கும் நாலைந்து வார்த்தைகளில் ஒன்று. தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, வாயைத் துடைத்துவிடுகிறேன்.