மண் பேசியதை மொழிபெயர்த்தவர்

கறுப்புக் கோட்டும் வெள்ளை வேட்டியுமாக மலாயாவின் பத்து காஜா ஊர்க் கோர்ட்டில் நிற்பார் அந்த மொழிபெயர்ப்பாளர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பேசுகிறவர் முகத்தையே பார்த்துக் கேட்பது அவர் வழக்கம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நான் அங்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். எங்கள் தோட்டத்துப் பெண்ணொருத்தி, கூலிகளை வேலை வாங்கும் கங்காணியின் முன் மண்ணை வாரித் தூற்றினாள். அவள் பிள்ளையைப் புதைத்த மறுநாளே அவளை வேலைக்கு விரட்டியிருந்தான் அவன். "மண்ணை வீசித் தாக்கினாள்" என்று ஆங்கிலத்தில் புகார் எழுதியவன் நான்தான். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாமல் எழுதினேன்.

கோர்ட்டில் வெள்ளைக்கார மாஜிஸ்திரேட் துரை அவளிடம், மண்ணை வீசினாயா என்று கேட்டார்.

"ஆமாங்க தொரை. வேற யாருகிட்ட போய்ச் சொல்லுவேன்?" என்றாள்.

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு துரையிடம் அனுமதி கேட்டு, "எங்கள் மக்களிடையே இது அடி அல்ல. நியாயம் கேட்க மனிதர் யாரும் இல்லாதபோது கடவுளிடம் வைக்கும் முறையீடு" என்று விளக்கினார். துரை பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கங்காணியை விசாரிக்கத் தொடங்கினார். வழக்கு தள்ளுபடியானது.

வெளியே வந்ததும், "அண்ணே, இந்த இங்கிலீச எங்க படிச்சீங்க?" என்று கேட்டேன்.

"நீங்க படிச்ச இங்கிலீசுதான். தொரைக்கு நம்மளப் பத்தி என்ன தெரியாதுன்னு தெரிஞ்சு வச்சிருக்கேன், அவ்ளோதான்."

அந்தப் பெண் அவரைக் கும்பிட்டாள். அவரும் அவளைக் கும்பிட்டார்.

அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. அன்று அந்த அறையில் நானும் இருந்தேன் என்று இன்றும் பெருமையோடு சொல்கிறேன். அந்தப் புகாரை எழுதிய கை என்னுடையது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.