இரண்டு பி

சந்தாபுரா வீட்டில் மகள் நகப்பூச்சுப் புட்டியைத் திறந்ததும், அந்த வாசனையில், இன்று இல்லாமல் போய்விட்ட பெங்களூர் பிரேசர் டவுன் நூலகத்தின் டைப்பிங் அறைக்குள் போய் விழுந்தேன். பள்ளி விட்டு வந்து, அங்கே டைப்பிஸ்ட்டாக இருந்த அம்மாவுக்காக நான் காத்திருக்கும் அறை அது, மெழுகு வாசனையும் ஐந்து டைப்ரைட்டர்களின் ஓயாத மழைச் சத்தமுமாக எப்போதும் பாதித் தூக்கத்தில் கிடக்கும். நகலெடுப்பதற்கான மெழுகு ஸ்டென்சில் தாளில் எழுத்தெல்லாம் துளைகளாக விழும்; தப்பு விழுந்தால் நகப்பூச்சு வாசனையடிக்கும் சிவப்புத் திரவத்தால் மூடி, ஊதிக் காயவைத்து, அதன்மேலேயே திரும்ப அடிக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் வரப்போகிறது என்று சொன்ன வாரத்தில், தலைமை நூலகர் தாள்களை வெளிச்சத்தில் பிடித்துச் சிவப்புப் பொட்டுகளை எண்ணினார். பொட்டு குறைந்த ஒருவருக்குக் கம்ப்யூட்டர், மற்றவர்களுக்கு பைண்டிங் பிரிவு. ஒரு பொட்டும் இல்லாமல் கடைசி வரிவரை வந்த அம்மா, ஆங்கிலத்தில் பெங்களூரின் பி-க்குப் பதிலாகப் பேப்பரின் பி-யை அடித்துவிட்டாள். திரவப் புட்டியோ காய்ந்து கிடந்தது.

பக்கத்து மேசை ரசியா ஆன்ட்டி கைப்பையிலிருந்து தன் நகப்பூச்சை எடுத்தாள். "உங்க தமிழ்ல ரெண்டும் ஒரே எழுத்துதானேக்கா, மெஷினுக்கு அது எங்க தெரியுது," என்று ஒரு துளி வைத்து, தானே ஊதினாள்.

"ஒண்ணே ஒண்ணு. அதுவும் மினுங்குது," என்று நூலகர் அம்மாவின் பெயரை எழுதினார்.

ரசியா ஆன்ட்டியின் தாளில் இரண்டு இருந்தன.

வீடுவரை அம்மா உதட்டை மூடித் திறந்து மூடித் திறந்து, பி, பி என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்லிப் பார்த்தபடியே நடந்தாள்.