தம்பிக்குப் பால் சுரந்த வாரம்

தம்பி பிறந்த மறுவாரம் அவன் மார்பில் பால் வந்தது. கதை விடவில்லை. இரண்டு பக்கமும் புளியங்கொட்டை அளவுக்கு வீங்கி, துணி உரசினால் வெள்ளையாக ஒரு சொட்டு கசிந்தது. எட்டு வயதில் எனக்குத் தெரியாத விஷயமே கிடையாது. இனி அவன் அம்மாவை நம்பி இருக்கத் தேவையில்லை என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

அவனைக் குளிப்பாட்டச் சந்தவாசலிலிருந்து அத்தை மலையேறி வந்திருந்தாள். எங்கள் உறவில் பிள்ளைக்கு முதல் மாதம் தண்ணீர் ஊற்றுவது அப்பாவின் அக்கா வேலை. அப்போதே மார்பைப் பிதுக்கிக் கெட்ட பாலை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆண்பிள்ளைக்கும் மார்பு வளர்ந்துவிடுமாம். அத்தை இதில் கைதேர்ந்தவள் என்று பெயர்.

அன்று அத்தை தன் கால்களை நீட்டி அவனை மேலே படுக்கவைத்து, வெந்நீர் ஊற்றி, மார்பில் விரலை வைத்தாள். நாத்தனார் முன்னால் குரல் உயர்த்தியே அறியாத அம்மா, பாயிலிருந்து எழுந்து வந்து ஈரத்தோடு பிள்ளையை வாரிக்கொண்டாள்.

“கை வைக்காதீங்க அண்ணி. அது தானா வத்திடும்.”

“இன்னாடி பேசற? எத்தினி புள்ளைங்களுக்கு எடுத்துருக்கேன்.”

அம்மா வாசலில் நின்ற என்னைக் காட்டினாள். “இவளுக்கும் நீங்கதான் எடுத்தீங்க. சீழ் கோத்துக்கிச்சி. கீழ தூக்கினு போயி அறுத்துனு வந்தோம்.”

என் இடது மார்பில் இருக்கும் தழும்பை அம்மை வடு என்று சொல்லித்தான் வளர்த்திருந்தார்கள். பஸ் வராத மலையிலிருந்து மூங்கிலில் தூளி கட்டி என்னை ஒடுகத்தூர்வரை தூக்கிப்போனார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. எனக்கு ஒரே பெருமை.

புளி உலுக்கிக்கொண்டிருந்த அப்பா சத்தம் கேட்டு வந்தார். அப்பா தன் பக்கம் பேசுவார் என்று அத்தை பார்த்தாள். அவர் என்னைப் பார்த்துவிட்டு, “வுட்டுடுக்கா” என்றார். கோபித்துக்கொண்டு மலையிறங்கிவிடுவாள் என்று எல்லோரும் பயந்தோம். அவள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ச் சாமைக்கு உலை வைத்தாள்.

தம்பியின் பால் யாரும் தொடாமலே வற்றியது. அது அம்மாவின் ரத்தத்தில் ஓடிய சுரப்பு வயிற்றுப் பிள்ளைக்கும் போய்ச் சேர்ந்ததால் வருவது, ஆண் பெண் பேதமில்லாமல் வரும், தானே போகும் என்று பின்னாளில் ஒரு டாக்டரம்மா எனக்குச் சொன்னார். இன்னொன்றும் சொன்னார். பச்சைப் பிள்ளையின் அந்தச் சின்ன மொட்டிலிருந்துதான் பிறகு மார்பு வளர வேண்டும். மொட்டு கெட்டால் அவ்வளவுதான். நான் வயதுக்கு வந்தபின் எனக்கு வலப்பக்கம் மட்டும் வளர்ந்தது. அந்த ஒன்றிலேயே என் இரண்டு பெண்களுக்கும் பால் கொடுத்தேன், இருவரும் நன்றாகவே இருக்கிறார்கள்.

அந்த மாதம் முழுக்க அத்தை மாலையில் என்னை உட்காரவைத்து எண்ணெய் தடவித் தலைவாரினாள். ஒரு நாள் திரும்பிப் பார்த்தால் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சிக்கெடுக்கிற வலி எனக்கு, இவள் ஏன் அழுகிறாள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.