கனகராஜுக்குத் தாங்காத குளிர்

வாணியம்பாடித் தோல் பதனிடும் ஷாப்பில் கனகராஜைப் போலத் தோலைச் சீவி மெலிதாக்கும் ஷேவிங் மெஷின் ஓட்ட ஆள் கிடையாது. எண்பத்து மூன்றில் ஜப்பானிலிருந்து புது மெஷின் வருகிறது என்றதும், பழகிக்கொண்டு வர முதலாளி சாயபு அவரையே அங்கே அனுப்பினார். முதலில் தன் சொந்தக்காரப் பையனைத்தான் கேட்டார். அந்த நாற்றத்தில் நிற்க முடியாது என்று அவன் நழுவிவிட்டான்.

ஆற்றோரச் சிற்றூர் ஒன்றில், அந்த மெஷின் ஓடும் தோல் ஷாப்பில் மூன்று மாதம் வேலை. ஞாயிற்றுக்கிழமை லீவு. பஸ் போர்டைப் படிக்கத் தெரியாததால் கனகராஜ் ஆற்றோரமாக மேல்பக்கம் நடந்தே பக்கத்து ஊரைப் பார்க்கக் கிளம்பினார். எதிரே வந்தவர்கள் தலை குனிந்து வணங்கினார்கள். பின்னால் யாரோ பெரிய மனிதர் வருகிறார் போலிருக்கிறது என்று திரும்பிப் பார்த்தார். ஒருவரும் இல்லை. ஒடுகத்தூர்ப் பக்கத்தில் ஊர்த்தெரு வந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வளர்ந்தவர் அவர். வணங்கியவர்கள் வந்த தெருவில் வேண்டுமென்றே இன்னொரு தரம் நடந்தார்.

மேட்டிலிருந்த பழத்தோட்டத்து வீட்டு அம்மாள் கூப்பிட்டு உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தாள். குடித்ததும் கனகராஜ் எழுந்துபோய்க் கோப்பையைக் குழாயடியில் கழுவி, வாசலுக்கு வெளியே கவிழ்த்து வைத்தார். அவர் ஊர் டீக்கடையில் காலனி ஆட்களுக்குத் தனி கிளாஸ். குடித்தவர்களே கழுவி வைக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் கை தானாகப் போய்விட்டது. விருந்தாளியைக் கழுவ விட்டுவிட்டோமே என்று அந்த அம்மாள் பதறினாள். கோப்பையை எடுத்து மறுபடி தேநீர் ஊற்றி இரண்டு கையாலும் நீட்டினாள். கனகராஜ் அதையும் வாங்கிக் குடித்தார். திரும்பி வரும் வழியில் வாய்விட்டே அழுதார்.

கம்பெனியில் இரண்டு வருஷம் இருக்கச் சொன்னார்கள், குடும்பத்தோடு. பெண்சாதி பூவம்மாளுக்கு உடனே எழுதிப் போட்டார்: இங்கே யாரும் நீ என்ன ஆள் என்று கேட்பதில்லை, பிள்ளைகளோடு வந்துவிடலாம். பூவம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. காலனி முழுக்கச் சொல்லிவிட்டாள்.

பிறகு வந்த ஞாயிறுகளிலும் அவர் அந்த வீட்டுக்கு நடந்தார். ஒருநாள், எங்கே வேலை என்று அந்த அம்மாள் சைகையில் கேட்டாள். கனகராஜ் பெருமையாகத் தன் தோல் பெல்ட்டைத் தொட்டுக் காட்டி, ஆற்றின் கீழ்ப்பக்கம் கையை நீட்டி, சிற்றூரின் பெயரைச் சொன்னார். அவள் சிரிப்பு நின்றுபோனது. கோபமெல்லாம் இல்லை. மரியாதையாகக் குனிந்து வணங்கிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த முகத்துக்கு அவருக்கு அர்த்தம் சொல்ல ஆள் வேண்டியிருக்கவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்த முகம்தானே.

மறுநாள் பக்கத்து மெஷின்காரர் மொரிமோட்டோவிடம் தெரிந்த இங்கிலீஷில் நடந்ததைச் சொன்னார். மொரிமோட்டோ மெஷினை நிறுத்தினார்.

"எங்கள் ஊர்ப் பேரையா சொன்னீர்கள்? நாங்கள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து தோல் வேலை செய்கிறவர்கள்; அதனால் எங்களை ஒதுக்கித்தான் வைத்திருக்கிறார்கள். ஊர்ப் பேர் தெரிந்ததும் என் தங்கைக்கு நிச்சயமான கல்யாணமே நின்றுபோனது. இனிமேல் இந்தியா என்று மட்டும் சொல்லுங்கள், போதும்."

இங்கேயும் வாயைப் பொத்திக்கொண்டுதான் வாழ வேண்டுமா? பிள்ளைகளைக் கூட்டிவந்து, அப்பன் செய்கிற வேலையை வெளியே சொல்லாதே என்று அவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கக் கனகராஜுக்கு மனம் வரவில்லை. மூன்று மாதம் முடிந்ததும் ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

"இன்னாய்யா, ரெண்டு வருசம் இருக்கச் சொன்னாங்கன்னியே?" என்றாள் பூவம்மாள்.

"குளிர் ஜாஸ்தி. தாங்கல."

"குளிருன்னா ஓடியாந்துட்ட? யாரும் ஒண்ணும் கேக்காத ஊருன்னு நீதான எழுதின? புள்ளைங்க தலை நிமிந்து இருந்திருக்குமே."

அதற்கப்புறம் ஊரில் எவன் எதைச் சொன்னாலும் அவள் இதைத்தான் எடுத்துவைத்து அவரைக் கரித்துக்கொட்டுவாள். அவரும் கேட்டுக்கொண்டிருப்பார்.

பள்ளிக்கூடத்துத் தண்ணீர்ப் பானையைத் தொட்டுவிட்டாள் என்று மகள் தேவகி ஒருநாள் அடி வாங்கி வந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. பூவம்மாள் அவளை மடியில் போட்டுக்கொண்டு சொன்னாள்:

"அப்பிடியும் ஒரு ஊரு இருக்குதுடி கண்ணு. உங்கப்பனுக்குத்தான் குளிருச்சாம்."

தேவகி தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள். "நெசமாப்பா? அங்க யாருமே கேக்க மாட்டாங்களா?"

"கேக்க மாட்டாங்கம்மா" என்றார் கனகராஜ்.